மகள் பள்ளிக்குப் போக மறுக்கிறாள், காரணம் ஒரு ஜெபக் குறிப்பு

ஏற்காட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். யார் என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு முப்பத்தாறு வயது. வீட்டிலேயே தையல் வேலை. கணவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். எஸ்டேட்டுகளிலிருந்து மிளகு, காபி மூட்டைகளைச் சேலத்தில் இறக்கிவிட்டு, வரும்போது மளிகைச் சாமான் ஏற்றி வருவார். ஒரே மகள். மலையிலேயே ஒரு சின்ன கிறிஸ்தவப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆசிரியர்களில் பாதிப் பேர் இவர்கள் போகும் அதே சபை. பள்ளி பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருக்கிறது.

கணவருக்கு நான்கைந்து வருடமாக தினமும் குடி. கை நீட்டுவதில்லை, ஆனால் இரவில் சத்தம் போடுவார், ஓரிரு முறை தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறார். தாங்க முடியாமல், தாய்மார் ஜெபக் கூட்டத்தை நடத்தும் ஓர் ஆசிரியையிடம் இவர் மனம்விட்டு அழுதிருக்கிறார். அந்த ஆசிரியையின் ஏற்பாட்டில் ஆகஸ்டில் கணவர் மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குப் போயிருக்கிறார். இரண்டாம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியிருக்கிறது. அன்று இரவு சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று அலறியிருக்கிறார். மூன்றாம் நாள் அங்கிருந்து கிளம்பிப் போய்க் குடித்த பிறகுதான் அடங்கியது. விசுவாசம் போதவில்லை என்று சிலரும், அசுத்த ஆவி போகும்போது அப்படித்தான் என்று சிலரும் சொன்னார்களாம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, அக்டோபர் மாதச் செய்தி மடலைப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறார்கள், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறார்கள். நாலு பக்கம். அறுப்பின் பண்டிகை ஏற்பாடுகள், கால்பந்துப் போட்டி, புதிதாகக் கட்டிய கழிப்பறை என்று செய்திகள். மூன்றாம் பக்கத்தில் குடும்பங்களுக்கு ஆலோசனை: சாப்பிடும்போது கைபேசியைத் தள்ளி வையுங்கள், பிள்ளைகள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள், இப்படி. கடைசிப் பக்கத்தில் ஜெபக் குறிப்புகள். அதில் ஒன்று, 'எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் தகப்பனார், ஓட்டுநர், மதுவிலிருந்து விடுதலை பெற ஜெபிப்போம்.' பெயர் இல்லை. ஆனால் அந்த வகுப்பில் ஓட்டுநர் மகள் இவள் ஒருத்திதான். மறுநாளே வகுப்புப் பையன்கள் அவளை 'விடுதலை' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து வயிற்று வலி என்று வீட்டில் இருக்கிறாள். சபைக்கும் வர மாட்டேன் என்கிறாள். கணவருக்கு மடல் விஷயம் இன்னும் தெரியாது.

பள்ளியை மாற்றலாமா, நடுவில் டி.சி. கிடைக்குமா, சலுகை வாங்கிக்கொண்டு பள்ளியைக் கேள்வி கேட்கலாமா, வழக்குப் போடலாமா, கணவரை மறுபடி உபவாச ஜெபத்துக்கு அனுப்பலாமா, அல்லது அக்கா வாங்கித் தந்த பொடியைக் குழம்பில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகளிடமிருந்தே தொடங்குகிறேன். கணவர், பள்ளி, சபை என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 'என்னை ஒரு வார்த்தை கேட்டியாம்மா?' என்று அவள் கேட்டாள் என்று. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். அப்பா குடிப்பது அவளுக்குப் புதிய செய்தி இல்லை. எட்டாம் வகுப்புக்கு வரும்வரை அதை யாருக்கும் தெரியாமல் கட்டிக் காத்து, நல்ல மார்க் வாங்கி, பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்ற பெண் அவள். அவள் கட்டிக் காத்ததை அவளைக் கேட்காமலே ஊர் கையில் கொடுத்துவிட்டார்கள். இனி செய்யப் போகும் எதுவானாலும், பள்ளியிடம் பேசுவதோ வேறு பள்ளி பார்ப்பதோ, முதலில் அவளிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இந்தப் பதிலில் நான் சொல்லப் போகும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நீங்கள் அந்த ஆசிரியையிடம் அழுதது தப்பில்லை. அத்தனை வருடம் தனியாகச் சுமந்த ஒருவர் யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் மகளிடம் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. சுற்றி வளைக்காமல் கேளுங்கள். 'எனக்குத் தாங்க முடியலை, அதனால சொன்னேன். அது இப்படி அச்சுல வரும்னு நினைக்கலை. இனிமே உன்னைக் கேட்காம நம்ம வீட்டு விஷயத்தைப் பள்ளிக்கூடத்துல சொல்ல மாட்டேன்' என்றால் போதும். கூடவே 'இருந்தாலும் அவங்க நல்லதுக்குத்தானே செஞ்சாங்க' என்று சேர்க்காதீர்கள். அதைச் சேர்த்த நொடியில் மன்னிப்பு போய் அறிவுரை வந்துவிடும்.

வயிற்று வலி நடிப்பா?

'காலை எட்டு மணிக்குத் துடிக்கிறாள், பத்து மணிக்கு நன்றாகத் தோசை சாப்பிடுகிறாள், நடிக்கிறாள் என்றே தோன்றுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பயமும் அவமானமும் குடலைப் பிசையும். அந்த வலி மெய்யான வலிதான். பள்ளி நேரம் கடந்ததும் பயம் தணிகிறது, வலியும் தணிகிறது. ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் வலியா என்றும் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு வாரம் ஒரு டாக்டர், வாரம் ஒரு ஸ்கேன் என்று அலைய வேண்டாம்.

அதே சமயம், 'மனசு ஆறட்டும், அவளாகப் போவாள்' என்று விடுவதும் சரியில்லை. பள்ளிக்குப் போகாத நாட்கள் கூடக் கூடத் திரும்பிப் போவது கடினமாகிறது. பாடம் சேர்கிறது, 'ஏன் வரலை' என்ற கேள்வியும் சேர்கிறது. அதனால் வீட்டில் இருக்கும் நாட்களிலும் பள்ளி நாள் மாதிரியே எழுந்து, குளித்து, பாடம் எடுத்து உட்கார வேண்டும். பகல் முழுக்கக் கைபேசி கையில் இருந்தால் வீடு ரொம்ப வசதியாகிவிடும். அவளுக்குப் பிடித்த தமிழ் மிஸ் ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் பள்ளி விட்ட பிறகு அவரை மட்டும் பார்த்துவிட்டு வரட்டும். அடுத்து இரண்டு பீரியட். பிறகு அரை நாள். ஒன்றிரண்டு வாரத்தில் முழு நாள். நடுவில் ஒரு நாள் சறுக்கினால், மறுநாள் முந்தைய படியிலிருந்து தொடங்குங்கள். மனம் தாங்காமல் வகுப்பை விட்டு எழுந்து வந்தால் எங்கே போய் உட்கார வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். நூலகமோ அந்த மிஸ்ஸின் அறையோ, ஏதோ ஓர் இடம். அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தாலே பல பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இதற்கிடையே அவள் சாப்பாட்டைக் குறைத்தாலோ, தூக்கம் கெட்டாலோ, 'நான் இல்லாமலே போயிருக்கலாம்' என்பது போல ஏதாவது சொன்னாலோ, பதின்வயதுக் கோபம் என்று தள்ளாதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சாகலாம் என்ற பேச்சு வந்தால் அவளைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பள்ளியிடம் என்ன கேட்பது

பள்ளிக்காரர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதை நானும் நம்புகிறேன். ஒருவருக்கொருவர் பாரத்தைச் சொல்லி ஜெபிப்பது அந்தச் சமூகத்தின் பலம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மூன்று வீட்டிலிருந்து கஞ்சி வரும் ஊர் அது. ஆனால் ஓட்டுநர் என்றும் எட்டாம் வகுப்பு என்றும் எழுதிவிட்டுப் பெயரை மட்டும் விட்டால், அவ்வளவு சிறிய பள்ளியில் அது பெயரைப் போட்டதற்குச் சமம். கடவுளிடம் சொல்வதற்குத் தொழிலும் வகுப்பும் எதற்கு? அவருக்குத் தெரியாதா எந்த வீடு என்று? அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னவரைப் பின்பற்றுகிறவர்களிடம் இதைச் சொன்னால் புரியாமல் போகாது.

'பாதிக் கட்டணம் தள்ளுபடி வாங்குகிறோமே, எந்த முகத்தோடு கேட்பது?' என்கிறீர்கள். சலுகை அவள் படிப்புக்காகக் கொடுத்தது. உங்கள் வீட்டு விஷயத்தை அச்சடிக்கும் உரிமை அதோடு சேர்ந்து போகவில்லை. நன்றியும் இருக்கட்டும், கேள்வியும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பேச்சில் சொல்லலாம்.

தலைமையாசிரியரைத் தனியாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கும்போது வேண்டாம். ஒரு பக்கக் கடிதமும் கையில் இருக்கட்டும். இந்த அளவு போதும்: 'அக்டோபர் மடலில் வந்த ஜெபக் குறிப்பால் எங்கள் மகள் யார் என்பது தெரிந்துவிட்டது. வகுப்பில் கேலி செய்கிறார்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அந்தப் பக்கத்தை நீக்கித் தர வேண்டும். அடுத்த மடலில் இதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். இனி ஒரு குடும்பத்தைப் பற்றிய குறிப்பைப் போடுமுன் அந்தக் குடும்பத்தையும் பிள்ளையையும் கேட்க வேண்டும். கேலியை வகுப்பாசிரியர் தனியே கூப்பிட்டு நிறுத்த வேண்டும்.'

கேலி செய்யும் பையன்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். அசெம்பிளியில் 'யாரையும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது' என்று ஐந்து நிமிடம் பிரசங்கம் செய்தால், மடல் செய்ததை மறுபடி செய்தது போலாகும். மடலில் மன்னிப்புக் கேட்டு அச்சிட்டாலும் அதே கதைதான். எழுதிய ஆசிரியை உங்கள் மகளிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்ல விரும்பினால், அவள் சம்மதித்தால் மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது சொல்லட்டும்.

தலைமையாசிரியரிடம் பலன் இல்லையென்றால் தாளாளரிடம் அதே கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். வழக்குப் போடலாமா என்று உங்கள் தம்பி கேட்கச் சொன்னாராம். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-ல் சொன்னது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமையைப் பேசுகிறது. ஒரு வரி ஜெபக் குறிப்புக்காகத் தனியார் பள்ளி மேல் வழக்கு என்று போனால், உங்கள் மகள் மறைக்க நினைக்கும் விஷயத்தை இன்னும் நாலு இடத்தில் சொல்ல வேண்டிவரும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். புகார் சொன்னதற்காக அவளைப் பழிவாங்கினாலோ, ஆசிரியர் யாராவது வகுப்பில் அவமானப்படுத்தினாலோ நிலைமை வேறு. அப்போது பள்ளிக் கல்வித் துறையின் 14417, சிறார் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன.

டி.சி.யும் வேறு பள்ளியும்

'வருட நடுவில் டி.சி. தர மாட்டார்கள், எந்தப் பள்ளியும் சேர்க்காது, ஒரு வருடம் வீணாகும்' என்று பயப்படுகிறீர்கள். இந்த மூன்றும் தப்பான பயம். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் மாறிக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கு உண்டு. டி.சி. தாமதமாகிறது என்பதற்காக அந்தப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை யாராவது உங்களுக்கு எடுத்துக் காட்டலாம். உங்களுக்கு வேண்டியது சேர்க்கிற பள்ளி, அது அரசுப் பள்ளியாக இருந்தால் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும். உங்கள் பள்ளியில் மாநிலப் பாடத்திட்டம் என்பதால் புத்தகங்களும் அதேதான். மாணவர் அடையாள எண்ணான எமிஸ் எண்ணும் கூடவே போகும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்கி நிறுத்துவதில்லை.

ஆக, மாற்ற முடியும். மாற்ற வேண்டுமா என்பது தனிக் கேள்வி. சேலத்தில் அஸ்தம்பட்டியில் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்கவைக்கலாம் என்று யோசிக்கிறீர்கள். பாட்டி பாசமானவர், நல்ல பள்ளிகளும் பக்கத்தில் உண்டு. ஆனால் தான் தப்பு செய்யாமலே வீட்டை விட்டு அனுப்பப்பட்டதாக அந்த வயதுப் பெண் எடுத்துக்கொள்வாள். அப்பாவுக்கு என்ன ஆகிறதோ என்ற கவலையும் இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டிக் கூடவே இறங்கி வரும். ஐப்பசி மழையில் நீங்கள் நினைத்த நேரத்துக்கு மலை இறங்கிப் போய்ப் பார்க்கவும் முடியாது. ஏற்காட்டிலேயே அரசுப் பள்ளி என்றால் தினமும் வீட்டுக்கு வந்துவிடுவாள், கட்டணச் சுமையும் நீங்கும். அது தாழ்ந்த தேர்வு என்று நினைக்காதீர்கள். ஆனால் ஊர் சின்னது. பட்டப்பெயர் அந்தப் பள்ளி வாசலுக்கும் வந்து சேர வாய்ப்பு இருக்கிறது.

என் அபிப்பிராயம் இது. இரண்டு மூன்று வாரம், நான் சொன்னபடி படிப்படியாகப் போய்ப் பார்க்கட்டும். பள்ளி எப்படி நடந்துகொள்கிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். அரையாண்டுத் தேர்வுக்கு முன் அவளோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அப்போதும் 'வேண்டாம்மா' என்றால் மாற்றிவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம். விலக ஒரு வழி திறந்திருக்கிறது என்று இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

சபைக்கு வர மறுப்பதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். அவளுக்குக் கோபம் அங்கே உட்கார்ந்து தன்னையே பார்க்கும் கண்கள் மேல்தான். அறுப்பின் பண்டிகையில் பாட வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். வீட்டு ஜெபத்தில் உட்கார்ந்தால் உட்காரட்டும், இல்லையென்றாலும் விட்டுவிடுங்கள். பூசணிக்காயையும் ஆரஞ்சுக் கூடையையும் ஏலம் விடும் நேரத்துக்கு மட்டும் தோழிகளோடு வந்து நின்றுவிட்டுப் போகிறேன் என்றால், சந்தோஷமாகச் சரி என்று சொல்லுங்கள்.

கணவருக்கு நடந்தது என்ன

ஆகஸ்டில் உங்கள் கணவருக்கு நேர்ந்ததைப் படித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. தினமும் குடித்துப் பழகிய உடம்பில் மது திடீரென்று நின்றால் நரம்பு மண்டலம் கொந்தளிக்கும். முதல் நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து சிலருக்கு நேரமும் இடமும் குழம்பி, இல்லாத எறும்பும் பூச்சியும் கண்ணில் தெரியும். அந்தக் கட்டத்தில் மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். அவர் கண்ட எறும்புக்கும் ஆவிக்கும் சம்பந்தமில்லை, அவருடைய விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை. மூன்றாம் நாள் குடித்ததும் அடங்கியது ஏன் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். தான் தோற்றுவிட்டதாக அவர் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருப்பார். இதை அவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே மறுபடி உபவாச ஜெபம் என்ற பெயரில் குடியைச் சட்டென்று நிறுத்த வேண்டாம். மருத்துவம் முடிந்து உடம்பு தேறிய பிறகு ஜெபம், ஆலோசனை, சபையின் துணை எல்லாம் பெரிய பலம். பல ஊர்களில் குடியை விட்டவர்களின் குழுக் கூட்டங்கள் தேவாலய வளாகத்திலேயே நடக்கின்றன. வரிசை மட்டும் மாறக் கூடாது.

அக்கா தந்த பொடியைத் தூக்கிப் போடுங்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் இந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிலவற்றில் டைசல்பிரம் என்ற மருந்து இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகிவிடும். மருத்துவர்கள் அதை நோயாளிக்கு விளக்கி, சம்மதம் வாங்கித்தான் தருவார்கள். மலைப் பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்கு ரகசியமாக அதைக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். போன் செய்தால் ஆளையே வந்து தூக்கிப் போகிறோம் என்கிற மையங்களும் வேண்டாம். எந்த மையமானாலும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சங்கிலியில் கட்டி வைப்பதை அந்தச் சட்டம் தடை செய்திருக்கிறது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். எறும்பு தெரிந்ததையும் நடுக்கத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படி நடந்தவரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்ல மாட்டார்கள், உள்நோயாளியாகச் சேர்த்துத்தான் நிறுத்துவார்கள். உடம்பு சமநிலைக்கு வரப் பொதுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பி1 வைட்டமினும், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தும் தருவார்கள். அந்த மருந்து தூக்கம் வரவைக்கும் என்பதால் மருத்துவர் சொல்லும்வரை அவர் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. வருமானம் போகுமே என்று தோன்றும். காபிப் பழப் பறிப்பு சூடு பிடித்துவிட்டால் அவர் நிச்சயம் வர மாட்டார், அதனால் இந்த மழை நாட்களே சரியான நேரம். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்பது ஓட்டுநரான அவருக்குத் தெரிந்திருக்கும். காலையில் தெளிந்துவிட்டதாக நினைத்து வண்டி எடுக்கும்போதும் இரத்தத்தில் மது இருக்கலாம், அது தெரிந்திருக்காது.

மடல் விஷயத்தை அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வண்டி ஸ்டாண்டில் யாராவது சிரித்துக்கொண்டே சொல்லி அவர் தெரிந்துகொண்டால், அந்தக் கோபம் உங்கள் மேலும் மகள் மேலும்தான் இறங்கும். காலையில், குடிக்காத நேரத்தில், மகள் வீட்டில் இல்லாதபோது பேசுங்கள். முன்பே உங்கள் தம்பியிடம் சொல்லி, கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்கச் சொல்லுங்கள். 'உன் குடியால்தான் பிள்ளை படிப்பு போச்சு' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆகஸ்டில் வந்த நடுக்கம் ஒரு நோய், அதற்கு மருந்து இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். மகள் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள். அப்பாவிடம் இதைச் சொல்லலாமா என்று முந்தைய நாளே அவளையும் கேட்டுவிடுங்கள்.

இதுவரை அவர் கை நீட்டவில்லை என்கிறீர்கள். தட்டு பறக்கும் வீட்டில் அது எப்போதும் அப்படியே இருக்கும் என்று எண்ண முடியாது. பயம் வந்த இரவில் மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். பெண்களுக்கான 181 எந்நேரமும் எடுப்பார்கள். மருத்துவமனைக்குப் போகும் நாள் வருவதற்குள், பணம் இல்லாமலோ வைராக்கியத்திலோ அவராகக் குடியை நிறுத்தி, நடுக்கம் கூடி, பேச்சு குழம்பினாலோ வலிப்பு வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் வைக்காமல், கையில் இரும்பு எதுவும் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது குடித்தார் என்பதை ஆம்புலன்ஸில் வருகிறவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.